நாற்காலி போடும் பிள்ளைகள் சீஷராவது எப்போது?

கேள்வி: காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையிலுள்ள ஒரு சிறிய சபையில் வாலிபர் ஐக்கியத்தைக் கவனித்துவருகிறேன். பள்ளி ஆசிரியை. எங்கள் போதகர் ஐயாவுக்கு வேறு இரண்டு சபைகளும் இருப்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் எங்களோடு இருப்பார். 15 முதல் 22 வயது வரை 16 பிள்ளைகள் இருக்கிறார்கள். நாற்காலி போடுவது, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது, கிறிஸ்மஸ் குடில் கட்டுவது, அசனத்தில் பரிமாறுவது என்று எதைச் சொன்னாலும் செய்கிறார்கள். ஆனால் வேதம் வாசிப்பதில்லை. ஜெபிக்கச் சொன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். படித்து முடித்து வெளியூர் போனதும் சபைப் பக்கம் தலைவைப்பதில்லை. ஆறு மாதச் சீஷத்துவப் பாடத்திட்டம் ஒன்றை 8,000 ரூபாய்க்கு வாங்கலாம் என்று சபைக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். ‘படிக்கிற பிள்ளைகளைக் கோயில் வேலைக்கு இழுக்காதீர்கள்’ என்று சில பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். இதற்கிடையே கல்லூரி இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன், படிப்பை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். நான் எங்கே தொடங்குவது?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரி அவர்களுக்கு,

அந்தப் பாடத்திட்டத்தை இப்போதைக்கு வாங்க வேண்டாம். நல்ல புத்தகமாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளைகள் ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, வாலிபர் கூட்டம் என்று பாடம் கேட்டே வளர்ந்தவர்கள். வேத வினாடி வினாவில் பரிசும் வாங்கியிருப்பார்கள். அவர்களுக்கு இதுவரை கிடைக்காதது, கூடவே நடக்கும் ஒரு பெரியவர்.

‘எதைச் சொன்னாலும் செய்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்வது யார், செய்வது யார் என்று சற்றே பாருங்கள். பண்டிகைக்கு முந்திய இரவு பந்தல் போடும்போது மூப்பர்கள் எங்கே இருக்கிறார்கள்? பல சபைகளில் நான் பார்ப்பது இதுதான்: வாலிபர்கள் வேர்க்க விறுவிறுக்கக் கயிறு கட்டுவார்கள், பெரியவர்கள் வந்து, ‘அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதே’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பந்தல் நன்றாகவே நிற்கும். பிள்ளைகள் போன வருடம் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். ஒரு வேலை ஊழியப் பயிற்சியாக வேண்டுமானால், அதைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்த பிறகு அதைப் பற்றி அவர் கேட்க வேண்டும். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மாற்கு 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரைத் தெரிந்துகொண்டபோது, முதலில் அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும், பிறகு அனுப்பப்பட வேண்டும் என்ற வரிசை தெளிவாக இருக்கிறது. 6ஆம் அதிகாரத்தில் இருவர் இருவராக அனுப்புகிறார். திரும்பி வந்தவர்கள் தாங்கள் செய்ததையும் போதித்ததையும் அவரிடம் சொல்கிறார்கள். அவர் அவர்களைத் தனித்த இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சற்று இளைப்பாறச் சொல்கிறார். கூட இருப்பது, அனுப்புவது, வந்ததும் கேட்பது, இளைப்பாற விடுவது என்ற நான்கில் அனுப்புவதை மட்டும் நம் சபைகள் இறுகப் பிடித்துக்கொண்டன. மற்ற மூன்றுக்கும் பெரியவர்களின் நேரம் வேண்டும். அதனால் அவை கைநழுவிப் போயின.

உங்கள் மண்ணுக்கு இது புதிய முறை அன்று. தேவகோட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் ஓரியூர். மக்கள் அருளானந்தர் என்று அழைத்த போர்த்துகீசியக் கத்தோலிக்கக் குரு ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் வெட்டுண்டு மரித்தார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இராமநாதபுரத்தைச் சுற்றிய மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்து, ஜெபம் கற்றுக்கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, ஞானஸ்நானத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தியதில் பெரும் பங்கு உபதேசியார்களுடையது. 1686இல் அவர் பிடிபட்டபோது அவர்களில் சிலரும் கூடவே பிடிபட்டுச் சித்திரவதை பட்டார்கள். அப்படித் துணிந்து நின்றவர்கள் பயிற்சி பெற்றது அவரோடு நடந்த வழியில்தான். தரங்கம்பாடியில் 1733ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற ஆரோன், புராட்டஸ்டன்ட் சபைகளின் முதல் இந்தியப் போதகர். அவரும் அதற்கு முன் உபதேசியாராகக் கிராமங்களில் அலைந்து உழைத்தவர். இந்த ஆரோனை மனதில் வையுங்கள். உங்கள் இரண்டாம் ஆண்டுத் தம்பியின் காரியத்துக்கு அவர் தேவைப்படுவார்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். 16 பேரையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். நால்வர் போதும். நன்றாகப் பாடுகிறவர்களையும் மேடை ஏறத் தயங்காதவர்களையும் மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். மூலையில் நின்று கேபிள் சுருட்டும் பிள்ளை ஒருவனாவது அந்த நால்வரில் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர். தம்பிகளுக்கு ஆண், தங்கைகளுக்குப் பெண். பெரியவருக்குப் பிரசங்கம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேதம் வாசிப்பவராக, ஜெபிப்பவராக, சொன்ன சொல்லைக் காப்பவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக இருந்தால் போதும். ஓய்வுபெற்ற செவிலியர், கண்டக்டராக இருந்தவர், காலையில் இட்லிக் கடை நடத்தும் அம்மா என்று உங்கள் சபையிலேயே இருப்பார்கள். போதகர் ஐயா இரண்டு ஞாயிறுதான் வருகிறார் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வராத அந்த ஞாயிறுகள்தான் உங்களுக்குப் பயிற்சிக்களம். பெரியவர்களைக் கூட்டி உட்காரவைத்து இதைப் பேசும் வேலையை மட்டும் அவரிடம் விடுங்கள். போதகர் சொன்னால்தான் சபையில் எடுபடும்.

எந்த வேலை என்று கேட்பீர்கள். முதலில் காணிக்கை எண்ணுவதைச் சொல்கிறேன். வாலிபர்களை நாம் அண்டவிடாத வேலை அதுதான். ஆராதனை முடிந்ததும் பொருளாளர் ஐயாவோடு ஒரு தம்பியை உட்கார வையுங்கள். பைகளை மேசையில் கவிழ்க்கிறார்கள். கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளை நீவி, வகை பிரித்து, நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்குகிறார்கள். ஒருவர் எண்ணியதை மற்றவர் திரும்ப எண்ணுகிறார். இரண்டு கணக்கிலும் ஐந்து ரூபாய் உதைக்கிறது. பொருளாளர் தம் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்துப்போட்டுச் சரிக்கட்டினால் அந்தப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்வான். ‘வா தம்பி, முதலிலிருந்து எண்ணுவோம்’ என்றால் வேறொன்றைக் கற்றுக்கொள்வான். உறை ஒன்றில் நூறு ரூபாயோடு ‘மகனுக்கு வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்’ என்று எழுதியிருக்கும். கையெழுத்தைப் பார்த்ததும் அது யார் வீடு என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இந்த அறையில் பார்த்ததை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதை அந்தக் கணத்தில் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பொதுவாகச் சொன்னால் ஏறாது. பிறகு பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். அன்று வீட்டுக்குப் போகுமுன் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை இருவரும் வாசிக்கட்டும். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் ஏன் அனுப்பினார் என்பது அங்கே இருக்கிறது. ஆண்டவர் முன்பாக மட்டுமல்ல, மனுஷர் முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்கிறார். கையில் நாணயத்தின் அழுக்கு ஒட்டியிருக்கும்போது வாசிக்கும் அந்தப் பகுதி அவனுக்கு மறக்காது.

அடுத்தது வீட்டுச் சந்திப்பு. செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. சின்ன வீடுகளிலோ பிள்ளைகளைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்ட பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். உங்கள் சபையிலும் ஆலயத்துக்கு வர முடியாத முதியவர்கள் இருப்பார்கள். அந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒரு தங்கையையும் துணைக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை ஒரே பாட்டியின் வீட்டுக்குப் போகட்டும். கதவைத் தட்டிவிட்டுப் பாட்டி எழுந்து வரும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். காது கேட்கும் பக்கமாக முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார வேண்டும். மாத்திரை அட்டையைப் பார்த்து இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று விசாரிக்க வேண்டும். போன வாரம் சொன்ன கதையையே பாட்டி மறுபடி சொன்னால் முதல்முறை கேட்பதுபோலக் கேட்க வேண்டும். பிறகு ஒரு சங்கீதம். தங்கை முதல் நாள் மூச்சுவிடாமல் ஓட்டுவாள். 23ஆம் சங்கீதத்தைப் பாட்டி மனப்பாடமாகக் கூடவே சொல்லத் தொடங்கியதும் வேகம் தானாகக் குறையும். அடுத்த வாரம் எந்தச் சங்கீதம் வாசிக்கலாம் என்று யோசித்து, வீட்டில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டுவாள். வேதம் வாசிப்பதில்லை என்று கவலைப்பட்டீர்கள். வாசிப்பதற்கு ஒரு தேவையை அவர்கள் முன் வைத்துவிட்டால் அந்தக் கவலையில் பாதி தீரும்.

ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதற்கும் இதே ஏற்பாடு. சனிக்கிழமை மாலை பெரியவரும் பிள்ளையும் காலியான ஆலயத்தில் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும், கடைசி வரிசையில் ஒருவர் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்காலி போடுவதையும் அசனத்தில் பரிமாறுவதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தபோது நற்சாட்சியும் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத்தான் தேடினார்கள். ஸ்தேவானும் பிலிப்பும் அந்த வரிசையிலிருந்து எழுந்தவர்கள். அங்கே பிரச்சினை எதில் தொடங்கியது என்று நினைத்துப் பாருங்கள்: அன்றாட விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள். ஆகையால் அடுத்த அசனத்தில் சாம்பார் வாளி தூக்கும் தம்பியிடம் இன்னொரு பொறுப்பையும் கொடுங்கள். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார், அவர்கள் இலைக்கு எது வராமல் போனது, சாப்பிடாமலே திரும்பியவர்கள் உண்டா என்று பார்த்துவந்து சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லும் பெயர்களைச் சபைக் குழு கேட்டால் சங்கடப்படும். அப்படிச் சங்கடப்பட்டாலும் அந்தப் பெயர்களை அவன் வாயாலேயே குழுவில் சொல்லவையுங்கள்.

வேலை முடிந்தபின் பேசும் நேரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கால் மணி நேரம் போதும். ஆலயப் படிக்கட்டில் உட்காரலாம், டீக்கடை பெஞ்சிலும் பேசலாம். இன்று என்ன பார்த்தாய், எது கடினமாக இருந்தது, யார் மேல் எரிச்சல் வந்தது, ஆண்டவர் அந்த வீட்டுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்கலாம். கேட்டுவிட்டுப் பெரியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் பெரியவர்களுக்கு இது கடினம். பிள்ளை இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அறிவுரை தொடங்கிவிடும். இதை முன்கூட்டியே அவர்களிடம் பணிவாகச் சொல்லிவையுங்கள். பேசி முடித்ததும் ஆளுக்கு ஒரு வரி ஜெபம். உங்கள் பிள்ளைகள் ஜெபிக்கத் திணறுவதற்குக் காரணம், எல்லார் முன்பும், எல்லாவற்றுக்காகவும், மூப்பர்களின் நடையில் ஜெபிக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதுதான். ‘ஆண்டவரே, பாட்டியின் முழங்கால் வலி குறையட்டும்’ என்பது முழு ஜெபம். அதைச் சொன்ன பிள்ளை அடுத்த வாரம் அந்தப் பாட்டியைப் பார்க்கும்போது வேறு கண்ணோடு பார்ப்பாள்.

யாராவது ஒருவன் நடுவில் நின்றுவிடுவான். கிரிக்கெட் ஆட்டம் வந்தால் சொல்லாமல் காணாமல் போவான். மாற்கு என்னும் யோவான் முதல் பயணத்தில் பாதியிலேயே திரும்பிப் போனவர். அவரை மறுபடி கூட்டிப்போவதா என்று பவுலும் பர்னபாவும் பிரியும் அளவுக்கு வாக்குவாதம் வந்தது. அதே பவுல் கடைசிக் காலத்தில் மாற்குவை அழைத்துவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். போன பிள்ளையின் வீட்டுக்குப் பெரியவர் போக வேண்டும். வருகைப் பதிவில் சுழி போட்டு முடித்துவிடக் கூடாது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளில் பலர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். பெரியவரும் பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பேசுவது நான்கு பேர் பார்க்கும் இடத்தில். வீட்டுச் சந்திப்புக்கு மூவராகப் போகட்டும், பெற்றோருக்குத் தெரிந்தே போகட்டும். இரவு நேரக் கைப்பேசி உரையாடல் வேண்டாம். சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டம் 2012ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அப்படி ஒரு குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது சட்டப்படி கடமை. ‘சபை மானம்’ என்று மூடிமறைக்க எவருக்கும் உரிமை இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஞாயிறு பள்ளிச் சுவரில் எழுதிவையுங்கள். இந்த விதிகளைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவருக்குப் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

பெற்றோரின் வருத்தம் நியாயமானது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்கள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வந்துவிழும்; பிளஸ் டூ பொதுத்தேர்வும் அப்போதுதான். சிறப்புக் கூட்டங்களை நடத்த வாலிபர்களைத் தேடும் சபை, அந்த மாதம் அவர்களுக்கு எப்படிப் போகிறது என்று கேட்பதில்லை. தேர்வு எழுதும் பிள்ளைகளை ஜனவரி முதலே எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்து, அதைப் பெற்றோரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்த மாதங்களில் பெரியவர்கள் நாற்காலி போடட்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரிடமும் கேட்பதில்லை என்று உறுதி கொடுத்து அதைக் காப்பாற்றினால், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பெற்றோரே பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள்.

இரண்டாம் ஆண்டுத் தம்பியிடம் மென்மையாகப் பேசுங்கள். அவன் ஆசையை அணைத்துவிடாதீர்கள். ஆனால் படிப்பை முடிக்கச் சொல்லுங்கள். இறையியல் படிப்புக்கு அனுப்பும்போது திருச்சபைகள் பலவும் பட்டம் பெற்றவர்களைத்தான் விரும்புகின்றன. அதைவிட முக்கியமான காரணம், அழைப்பு என்பது உள்ளத்தில் தோன்றினால் மட்டும் போதாது. கூட இருக்கும் சபையும் அதைக் கண்டு சொல்ல வேண்டும். ஆரோன் குருப்பட்டம் பெறுமுன் உபதேசியாராக உழைத்த ஆண்டுகள் வீணான காத்திருப்பு அல்ல. அந்த ஆண்டுகளில்தான் மக்கள் அவரை அறிந்தார்கள். இந்தத் தம்பிக்கு ஒரு பெரியவரையும் பலர் பார்க்காத ஒரு வேலையையும் கொடுங்கள். ஒலிவாங்கி கிடைக்காத வேலையில் இரண்டு ஆண்டுகள் மகிழ்ச்சியாக இருந்தானானால், போதகர் ஐயா அவனை மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டட்டும். கல்லூரியை விட்டுவிட்டு உடனே வா என்று யாராவது அவனுக்கு ஆசை காட்டிக்கொண்டிருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

உங்களைச் சுற்றி இருப்பவர்களில் மிகப் பலர் வேறு சமயத்தார். பல தலைமுறைகளாக நல்லுறவோடு வாழும் ஊர்கள் அவை. ஊருணியைத் தூர்வாரும் நாளிலும் இரத்ததான முகாமிலும் பிள்ளைகள் போய் நிற்கட்டும், வேலை செய்யட்டும். துண்டுப்பிரசுரத்தோடு போக வேண்டாம். உதவியைத் தூண்டில் இரையாக்கக் கூடாது என்பதை அங்கேயே கற்றுக்கொள்ளட்டும். ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு வார்த்தை இருக்க வேண்டும். அந்த வார்த்தையைப் படிக்கட்டுப் பேச்சில் பழக்குங்கள்.

வெளியூர் போகிறவர்கள் சபையைவிட்டே போய்விடுகிறார்கள் என்பது உங்கள் பெரிய வேதனை. செட்டிநாட்டிலிருந்து பிள்ளைகள் வேலை தேடிப் புறப்படுவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய ஊர்கள் இவை. இன்று பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போகிறார்கள். ரோமர் 16ஆம் அதிகாரம் பெபேயாள் என்னும் சகோதரியை ரோமாபுரியிலுள்ள சபையிடம் ஒப்படைத்துத்தான் தொடங்குகிறது. அவளை ஏற்றுக்கொள்ளுங்கள், தேவையானதில் உதவி செய்யுங்கள் என்கிறார் பவுல். உங்கள் பிள்ளை வேலைக்குப் புறப்படும் வாரத்தில் போதகர் ஐயா அந்த ஊர்ச் சபைப் போதகருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதட்டும். உறுப்பினர் மாற்றக் கடிதத்தின் அச்சடித்த இரண்டு வரி போதாது. இவன் எங்கள் சபையில் காணிக்கை எண்ணினான், கணக்கில் உண்மையுள்ளவன், இவனுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். முதல் ஞாயிறு அங்கே ஒருவர் அவனை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டும். பயிற்சி கொடுத்த பெரியவர் முதல் மூன்று மாதம் ஞாயிறு மாலை தொலைபேசியில் அழைத்து, போனாயா என்று கேட்காமல், என்ன செய்தாய் என்று கேட்கட்டும்.

பாடத்திட்டத்துக்கு என்று ஒதுக்கும் 8,000 ரூபாயை ஓராண்டு உங்கள் கையில் வையுங்கள். அதில் பஸ் கட்டணம் கொடுங்கள். கண் மங்கிய முதியவர்களுக்காக ஒரு பெரிய எழுத்து வேதாகமம் வாங்குங்கள். வசதியில்லாத பாட்டி ஒருவருக்கு மாத்திரை தீர்ந்திருந்தால் வாங்கிக் கொடுங்கள். செலவைப் பிள்ளைகளே எழுதிச் சபைக் குழுவில் வாசிக்கட்டும். ஓராண்டில் அந்த நால்வரிடமிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கும்: பாட்டிக்காக ஜெபித்தும் ஏன் குணமாகவில்லை, கடைசிப் பந்தியில் எப்போதும் ஏன் அதே குடும்பங்கள், உண்மையாக இருந்தும் ஏன் திட்டு வாங்குகிறோம் என்று. அப்போது பாடத்திட்டத்தை வாங்குங்கள். நீங்கள் நடத்த வேண்டாம். அந்த நால்வரும் மற்ற 12 பேருக்கு நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அதற்கு முன், வருகிற சபைக் குழுக் கூட்டத்தில் பெரியவர்கள் நால்வரின் பெயரைப் போதகர் ஐயா முன்னிலையில் எழுதி வாங்கிவிடுங்கள்.